கமுக்கமாகப் போனவர்

ஸ்ரீரங்கம்
6.1.2025

திருவெறும்பூர் மலர்க்கொடி அம்மாவுக்கு, மேலூர் சாலை பிச்சை சொல்லி எழுதுவது.

நீங்கள் 1987 என்று எண் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். எண் எனக்குத் தெரியாது. ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த வருஷம் என்றால் தெரியும். பங்குனியில் அந்தக் கூட்டம். ஊரில் செருப்பைத் தொலைக்காத ஆள் இல்லை. நானும் தொலைத்தேன். கிடைத்த ஜோடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டும் வலது கால். அதே வருஷம் மார்கழியில் முதலமைச்சர் இறந்துபோய், பஸ் இல்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்தேன். நீங்கள் கேட்கிற நாள் இந்த இரண்டுக்கும் நடுவில். ஐப்பசி, புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. உங்கள் அப்பா பச்சைக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார்.

அவர் போன மாசியில் காலமானார் என்று வாசித்துக் காட்டினார்கள். எனக்குச் சேதி வரவில்லை. வந்திருந்தால் வந்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

இதை எழுதுகிறவர் முஜிபுர் ரஹ்மான் பாய். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். நான் பேச்சாகச் சொல்வதை அவர் எழுத்தாக ஆக்குகிறார். எனக்குக் காது மந்தம், அதனால் போனில் பேச முடியாது. நீங்கள் கொடுத்த நம்பரை பாய் பத்திரமாக வைத்திருக்கிறார்.

டிரங்குப் பெட்டியில் அப்பாவை வேலையை விட்டு நிறுத்திய காகிதம் இருந்தது, அதில் "முருகானந்தம் கமுக்கமாக வெளியே சென்றதைக் காவலாளி பிச்சை நேரில் கண்டிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறது, அந்தச் சொல்லை நான் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். முப்பத்தேழு வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

அந்தச் சொல் நான் சொன்னதுதான். பாய் இப்போது கூட "இரகசியமாக என்று போட்டுவிடலாமே" என்கிறார். வேண்டாம் என்றேன். தப்புப் பண்ணியவன் அடி விழுமோ என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டு போனால் அது பம்முவது. எதிரே ஆள் வந்தால் மறைவாக ஒதுங்கி நின்றால் பதுங்குவது. திருட்டு முழி என்பது கண்ணில் இருக்கும், அதைப் பார்த்தே பிடித்துவிடலாம். உங்கள் அப்பாவும் நானும் வேலை பார்த்த பூந்தோட்டத்துக் கேட்டில் நான் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன், இவை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். கமுக்கம் வேறு. கமுக்கமாகப் போகிறவன் நாலு பேர் பார்க்கத்தான் போவான். வாயை மட்டும் திறக்க மாட்டான். பார்த்தவனும் கேட்க மாட்டான். மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். பெண் மாசமாக இருக்கிற வீட்டில் முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருப்பார்கள். அதில் கெட்டது இல்லை.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் மூன்று விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருக்கிறதா? இருந்தால் உயிரோடு இருக்கிறதா? நீங்கள் பிறந்தது எந்த மாதம்?

கிழவன் உளறுகிறான் என்று நினைக்க வேண்டாம்.

பிச்சை
(இடது கைப் பெருவிரல் ரேகை)


திருவெறும்பூர்
17.1.2025

பெரியவர் பிச்சை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் மாடியில் போய்ப் படித்தேன். எங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சொல்வதில்லை.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் தமிழ் டீச்சரிடம் அகராதி வாங்கிப் பார்த்தேன். கமுக்கம் என்றால் இரகசியம், அடக்கம் என்று போட்டிருக்கிறது. கெட்டது என்று போடவில்லைதான். ஆனால் அந்தக் காகிதத்தில் உங்கள் சொல்லுக்கு அடுத்த வரி என்ன தெரியுமா? "அதே தினம் மோட்டார் ரூமிலிருந்து செம்புக் கம்பிக் காயில் காணாமல் போயிருக்கிறது." இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

அந்தச் சொல்லை நீங்கள் சொல்லிவிட்டுக் கேட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். நாங்கள் அதோடு குடும்பம் நடத்தினோம். அப்பா இங்கே வந்து ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினார். வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பைத் தேய்த்துச் சத்தம் போட்டே நடப்பார். சமையலறைக்கு வருமுன் இருமுவார். சத்தமில்லாமல் வந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் பத்தாம் வகுப்பில்தான் புரிந்தது. அம்மா பீரோ சாவியை இடுப்பில் செருகியே வைத்திருப்பாள். குளிக்கும்போதும் இருக்கும்.

அம்மா அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அதை அவளே சொல்லியிருக்கிறாள்.

"எடுத்தீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"எடுத்தேன். என்னன்னு மட்டும் கேக்காத, ரெங்கம்மா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்கிறாள்.

வரும் மார்ச் நாலாம் தேதி அப்பாவுக்குத் தலைத் திவசம். அவர் படத்தை ஃபிரேம் போட்டு வாங்கி வந்து பத்து மாதம் ஆகிறது. செய்தித்தாள் பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. "படையலைப் போட்டுக்கோ. படம் மாட்டாதே. கையில் கறை உள்ள ஆளுக்கு நான் மாலை போட மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் எடுத்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். எடுத்திருந்தாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும். இதற்காகத்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் மரம் இருக்கிறதா, எந்த மாதம் பிறந்தீர்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள்.

சரி, சொல்கிறேன். கறிவேப்பிலை மரம் இருக்கிறது. தெருவுக்கே எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது அப்பா தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் வண்டிக்காரரிடம் விட்டுவிட்டு, ஒரு பால் டின்னை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அதில் இருந்த கன்று. நான் பிறந்தது 1988 ஆகஸ்ட். எனக்கு முன் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, மாதக் கணக்கில்கூடத் தங்கவில்லை. எனக்குப் பிறகு யாரும் இல்லை.

இப்போதாவது பதில் சொல்லுங்கள்.

மலர்க்கொடி


ஸ்ரீரங்கம்
29.1.2025

மலர்க்கொடிக்கு,

உன் கடிதத்தை பாய் வாசித்தார். பால் டின் என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். நீ என்று சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், இனி நீங்கள் என்று வாய் வராது.

உன் அப்பா எடுத்தது கறிவேப்பிலைக் கன்று. செம்புக் காயில் இல்லை.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம். கறிவேப்பிலைக் கன்றைக் கேட்டு வாங்கி நட்டால் தழையாது என்பார்கள், அது எல்லா ஊரிலும் உண்டு. எங்களுக்கு அதற்கு மேலும் ஒன்று. பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளை பெற்றவள் வளர்க்கிற மரத்தடியிலிருந்து ஒரு கன்றைக் கேட்காமல் கிண்டி எடுத்து வந்து நட வேண்டும். எடுக்கிறவன் அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. மரத்துக்குச் சொந்தக்காரி பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வழியில் பார்த்தவன் கேட்கக் கூடாது, பிறகு யாரிடமும் சொல்லவும் கூடாது. யார் வாயிலிருந்து வந்தாலும் கன்று பட்டுப்போகும். கன்று பட்டால் பிள்ளையும் தங்காது.

மோட்டார் ரூமை ஒட்டி ஒரு குடிசை இருந்தது. தோட்டத்தில் பூப்பறிக்கிறவள் குடிசை. மூன்று பிள்ளை பெற்றவள். அவள் வாசலில்தான் அந்த மரம். நான் கேட்டிலிருந்து பார்த்தேன். உன் அப்பா மரத்தடியில் குந்தினார். அவள் வெளியே வந்தாள், பார்த்தாள், சட்டென்று திரும்பி நின்றுகொண்டு பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். உன் அப்பா துண்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். துண்டின் ஓரத்தில் இரண்டு கொழுந்து தெரிந்தது. எப்போதும் "சாப்பிட்டீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டுப் போகிறவர் அன்று கேட்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளையும் கொள்ளிடக் கரையில் புதைத்தபோது மண் தள்ளியவன் நான்.

மறுநாள் மேனேஜர் பீமராவ் கூப்பிட்டார்.

"நேத்து மத்தியானம் யாராச்சும் ஒரு மாதிரியா வெளியே போனாங்களாய்யா?"

"முருகானந்தம் போனான் சார்."

"எப்படிப் போனான்?"

"கமுக்கமாப் போனான் சார்."

சொல்லும்போது சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். பீமராவும் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், குடும்பஸ்தர், இந்தச் சொல்லைச் சொன்னால் விஷயத்தைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். விளங்கியதும் அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"கையில என்ன?"

"துண்டுல ஏதோ சுத்தியிருந்தான்."

"ஏதோன்னா என்ன?"

"நான் கேக்கலை சார். கேக்கற வழக்கமில்லை."

அதற்குப் பிறகுதான் காயில் காணோம் என்று சொன்னார். உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். துண்டில் என்ன என்று ஐந்து தடவை கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடாதே அண்ணே என்கிற பார்வை. தலையைக் குனிந்துகொண்டு, "காயிலை நான் எடுக்கலை. துண்டுல இருந்ததைச் சொல்ல மாட்டேன்" என்றார். அதை யார் நம்புவார்கள்? காகிதம் எழுதினார்கள், வாசித்தார்கள், கமுக்கமாக என்ற சொல் சரிதானா என்று என்னைக் கேட்டார்கள். சரிதான் என்று ரேகை வைத்தேன்.

காயிலை யார் எடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மரத்துக்காரியின் பேரை மட்டும் கேட்காதே. யார் வீட்டு மரம் என்பதும் வாயில் வரக் கூடாது என்பார்கள். உனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது, மரம் தெருவுக்கே தழை கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் இவ்வளவும் சொன்னேன். அதற்குத்தான் முதலில் அந்த மூன்றையும் கேட்டேன்.

பிச்சை
(ரேகை)


திருவெறும்பூர்
10.2.2025

பெரியவருக்கு,

மூன்று நாள் உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடி வாசி" என்றாள். வாசித்தேன்.

"இப்ப வந்து கதை சொல்றாரா அந்தக் காவக்காரரு? அன்னைக்கு வாய் எங்க போச்சாம்?"

"வழக்கம்மா. சொல்லக் கூடாதாம்."

"அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? என் மாமியா பத்து தடவை சொல்லியிருக்கா. செத்த ஆளு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாருங்கற தைரியத்துல எழுதறாரு. பாவம் போகட்டும்னு மரத்தைக் கதையில சேத்துக்கிட்டாரு. மரம் இருக்குன்னு நீதானே எழுதிக் குடுத்த?"

மரம் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் கேட்டதையும் சொன்னேன். "கருவேப்பிலை எந்த வீட்டுல இல்ல?" என்றாள்.

ஆனால் அன்றைக்கு ரசத்தில் கறிவேப்பிலை போடவில்லை. மறுநாளும் போடவில்லை. சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துணி எடுக்க வந்ததுபோல் கொடிப் பக்கம் போனாள். கொடியில் துணி இல்லை.

நான் உங்களை நம்புகிறேன். நம்புவதால்தான் கோபம் கூடுகிறது. கன்று பிடித்துவிட்டது. நான் தங்கிவிட்டேன். எனக்கு ஐந்து வயதானபோது வந்து சொல்லியிருக்கலாம். பத்து வயதில் சொல்லியிருக்கலாம். என் கல்யாணத்தின்போது பெண்ணின் அப்பா எப்படிப்பட்டவர் என்று மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீரங்கத்தில் விசாரித்ததில் ஒரு இடம் தட்டிப்போனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஸ்ரீரங்கத்துக்கும் திருவெறும்பூருக்கும் எவ்வளவு தூரம்? இரண்டு பஸ். அப்பாவும் வழக்கத்துக்காகவே கடைசி வரை வாயை மூடிக்கொண்டார் என்று வைத்துக்கொள்கிறேன். என்னைப் பணயம் வைக்க அவருக்கு மனம் வந்திருக்காது. உங்களுக்கு என்ன வந்தது?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சொன்னால் பட்டுப்போகும் என்றீர்கள். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்து முதலில் மரத்தைப் போய்ப் பார்க்கிறேன். கணக்கு டீச்சர் நான், வெட்கமாக இருக்கிறது. மரம் நன்றாக இருக்கிறது.

திவசத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். படம் பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. உங்கள் ஒருவர் வாய் அம்மாவுக்குப் போதாது. மரத்துக்காரியின் பெயர் எனக்கு வேண்டும்.

அப்பா உங்களைப் பிச்சையண்ணன் என்றுதான் சொல்வாராம். அப்படியென்றால் நீங்கள் எனக்குப் பெரியப்பா. அப்படி எழுத இன்னும் கை வரவில்லை.

மலர்க்கொடி


ஸ்ரீரங்கம்
21.2.2025

மலர்க்கொடிக்கு,

நீ கேட்டதற்கு வழக்கம் என்று பதில் சொல்ல முடியாது. பாய் அப்படி எழுதலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

முதல் நாள் நான் வாயை மூடியது கன்றுக்காக. அது சத்தியம். ஒரு வாரம் கழித்து முதலாளி வந்தார். "காவலுக்கு ஆள் இருக்கும்போதே போயிருக்குன்னா, முருகானந்தம் எடுக்கலைன்னா வேற யாரு எடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு வாயை மூடியது எனக்காக. அதற்கப்புறம் வருஷம் ஆக ஆக, உண்மையைச் சொல்ல வந்தால் முதலில் எனக்காக வாயை மூடியதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அதனால் வரவில்லை. ஒரு தடவை திருவெறும்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, உங்கள் தெருமுனை டீக்கடை வரை வந்தேன். நீ பாவாடை சட்டையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாய். முருகானந்தத்தின் மூக்கு. டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் அப்பா போனது கமுக்கம். நான் அன்று அந்தத் தெருவில் நடந்தது பம்மல். இரண்டையும் நான் பிரித்துச் சொன்னேனே, எனக்கு அந்த வித்தியாசம் அப்படித்தான் தெரிந்தது.

உன் அம்மா சொன்னது நியாயம். என் வாயைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இதில் சம்பந்தப்பட்ட தோட்டத்து ஆட்களை எண்ணிப் பார்த்தேன். முதலாளி, சுனாமி வந்த வருஷம் போனார். பீமராவ், பழைய கொள்ளிடப் பாலம் ஆற்றில் விழுந்ததே, அந்த வருஷம். மோட்டார் போடுகிற ராமர் கொரோனாவில். உன் அப்பா போன மாசி.

பேரை என் வாயால் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மரத்துக்காரியிடம் கேட்க வேண்டும். அதனால் போன திங்கட்கிழமை பாயைக் கூட்டிக்கொண்டு லால்குடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். நாங்கள் போனபோது நெல் உலர்த்தியிருந்த களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் மங்கல். கிட்டே போய் நின்று, பூந்தோட்டத்துப் பிச்சை வந்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முருகானந்தம் பேரை எடுக்கவில்லை, மரம் என்று சொல்லவில்லை. பாய் சாட்சி.

"அந்தக் கன்னு புடிச்சுச்சாண்ணே?" என்று கேட்டாள்.

பாய் எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்போது மறுபடி எழுதுகிறார்.

புடிச்சுது என்றேன். பிள்ளை தங்குச்சா என்று கேட்டாள். பொம்பளப் பிள்ளை, டீச்சர் என்றேன். உன் அப்பாவுக்கு வேலை போனது அவளுக்குத் தெரியும். காயில் போனதற்காக என்று கேள்விப்பட்டதோடு சரி. துண்டில் சுற்றியதைப் பற்றி நான் சொன்ன சொல் அவள் காதுக்குப் போகவேயில்லை. சொன்னேன். என்னைத் திட்டினாள். அதை எழுத வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் நாலாம் தேதி காலை லால்குடியிலிருந்து மகளோடு வருகிறாள். நானும் வருவேன், தெருமுனை டீக்கடையில் இருப்பேன். உன் அம்மா கூப்பிட்டால் உள்ளே வருகிறேன். படத்தை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்து வை.

இந்தக் கடிதத்தை பாய் இரண்டு தடவை வாசிக்க, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுவிட்டுத்தான் ரேகை வைக்கிறேன். பேரைச் சொல்லலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். என்னை விட்டுவிட்டு எண்ணினால், அன்றைக்கு அதைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். அவள் பெயர் வீராயி.